எண்பத்து நாலும் பத்திரம்

சாம்சன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சேதி இன்னும் சாம்சனுக்குப் போய்ச் சேரவில்லை என்பது அவர் மனைவி ஞானம்மாவின் கட்சி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பிக் கம்பெனியின் மெயின் கேட்டில் இருபத்தாறு வருஷம் செக்யூரிட்டியாக நின்ற மனுஷன். இப்போதும் காலையில் ஐந்தரைக்கெல்லாம் எழுந்து, முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் பேன்ட்டுக்குள் விட்டுக்கொண்டு, ஆரம்பாக்கம் காலனியில் இருக்கும் தன் வீட்டு கேட்டை ஒரு தரம் திறந்து மூடிப் பார்ப்பார். அது இடுப்பு உயரக் கம்பி கேட். மனசு வைத்தால் ஆட்டுக்குட்டிகூடத் தாண்டிவிடும். அது வேறு விஷயம்.

ஞானம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, சென்னையில் ஆபரேஷன் ஆகி, இரண்டு வருஷம் அடங்கியிருந்துவிட்டு, இந்த வருஷம் இடுப்பெலும்பிலும் முதுகெலும்பிலும் இறங்கிவிட்டது. "இனிமே இத முழுசா குணப்படுத்த முடியாதும்மா. ஆனா வலி இல்லாம பாத்துக்கலாம்" என்று பெரிய டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஞானம்மாவுக்கு அந்த டாக்டரைப் பிடித்துப்போயிற்று. சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்களை அவளுக்கு எப்போதுமே பிடிக்கும். சாம்சனுக்கோ அன்றிலிருந்து அந்த டாக்டர் பேச்சை எடுத்தாலே காது கேட்காமல் போய்விடும்.

ரயிலேறி சென்னைக்குப் போய்வர உடம்பு ஒத்துழைக்காததால், வீட்டுக்கே வந்து பார்க்கும் வேனில் அவள் பெயரை எழுதிக்கொண்டார்கள். எளாவூர் வரைக்கும் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் அந்த ஒரே வேன், சுமலதா என்று ஒரே நர்ஸ். ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் வருவாள். முதல் தடவை வந்தபோது வீட்டுக்குள் பதினோரு பேர் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் ஞானம்மா தலையணையை முதுகுக்கு முட்டுக் கொடுத்தபடி, அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சுமலதா சாம்சனைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, இவ்ளோ பேர் வந்தா அவங்களுக்கு அலுப்பாயிடும். கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணுங்க" என்றாள்.

கன்ட்ரோல் என்ற வார்த்தையை சாம்சனிடம் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாளே கேட் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டாயிற்று. நீள நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாயிற்று. பெயர், வந்த நேரம், போன நேரம், காரணம், உள்ளே கொண்டுபோகும் பொருள். கடைசிக் கட்டத்தில் கையெழுத்து.

முதலில் மாட்டியது பூவம்மாள். அடுத்த தெருக்காரி. ஞானம்மாவும் அவளும் சேர்ந்து இருபது வருஷம் ஒரே சேற்றில் நாற்று நட்டவர்கள்.

"பேரு?" என்றார் சாம்சன்.

"யோவ், என் பேரு உனக்குத் தெரியாதா? உன் கண்ணாலத்துக்கு நான்தான்யா சாம்பார் ஊத்துனேன்."

"ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதான் யக்கா. பேரச் சொல்லு."

"பூவம்மா. போதுமா?"

"வந்த காரணம்?"

"பாக்க வந்தேன். வேற இன்னாத்துக்கு?"

"பொருளு இன்னா எடுத்துனு போற?"

"ஹார்லிக்ஸ்."

'ஹார்லிக்ஸ், 1' என்று எழுதிக்கொண்டார். "பதினஞ்சு நிமிசம். உள்ள போயி அழுவக் கூடாது. இதே சீக்குல செத்தவங்க கதைய எடுக்கக் கூடாது."

பூவம்மாளுக்கு உண்மையிலேயே குழப்பமாகிவிட்டது. "அப்புறம் இன்னாத்தப் பேசறதாம்?"

உள்ளே வந்து ஐந்து நிமிஷம் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வேறு வழியில்லாமல், தன் மருமகள் மிக்ஸி ஜாரில் மஞ்சள் அரைத்துவிட்டு அதிலேயே மோர் அடித்த கதையைச் சொன்னாள். ஞானம்மா சிரித்த சிரிப்பில் இடுப்பு பிடுங்கிக்கொண்டு போனது. வலித்தாலும் பரவாயில்லை என்றிருந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு பேச்சுக் கேட்டு. இந்த மனுஷனை முப்பது வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறோம், ஒரு உருப்படியான காரியம் செய்திருக்கிறாரே என்று அன்றைக்கு முதல் தடவையாக நினைத்தாள். அந்த நினைப்பு அடுத்த தடவை வேன் வரும் வரைதான் நின்றது.

அந்த வியாழக்கிழமை சுமலதா வந்தபோது, "வலிக்கு பத்துக்கு எவ்ளோம்மா மார்க் போடுவீங்க?" என்று கேட்டாள்.

"ஏழு" என்றாள் ஞானம்மா. "மல்லாக்கப் படுத்துத் தூங்கி மூணு மாசமாச்சு சிஸ்டர். ஒரே ஒரு நாளு மல்லாக்கப் படுத்துத் தூங்கினா போதும். வேற ஒண்ணும் வாணாம்."

சுமலதா பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்தாள். "இது மார்ஃபின். நல்லா கேட்கும். நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. காலைல ஆறு, பத்து, ரெண்டு, சாயங்காலம் ஆறு. ராத்திரி பத்து மணிக்கு மட்டும் ரெண்டு சேர்த்துப் போட்டா காலை வரைக்கும் தூங்கலாம். வலி வரட்டும்னு காத்திருக்கக் கூடாது. இதப் போட்டா மலம் இறுகும், அதனால ராத்திரி இந்த மஞ்ச மாத்திரையும் சேர்த்துக் குடுங்க." பிறகு சாம்சன் பக்கம் திரும்பினாள். "ஐயா, மஞ்ச மாத்திரைக்குக் கணக்கு கிடையாது. ஆனா மார்ஃபின் கணக்கு மாத்திரை. எண்பத்து நாலு இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நாங்க மேல பதில் சொல்லணும். வேற யார் கைக்கும் போகக் கூடாது. பூட்டி வெச்சிடுங்க. அடுத்த தடவை எண்ணிப் பார்ப்பேன்."

'எண்ணிப் பார்ப்பேன்' என்றதும் சாம்சனின் முதுகு தானாக நிமிர்ந்ததை ஞானம்மா கட்டிலிலிருந்து பார்த்தாள். அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது.

எண்பத்து நாலும் டிரங்குப் பெட்டிக்குள் போயின. பெட்டிக்குப் பூட்டு. பூட்டுச் சாவி, பழைய விசில் கயிற்றில் கோத்து சாம்சன் கழுத்தில். அன்று மதியம் இரண்டு மணிக்கு ஞானம்மா கையை நீட்டினாள்.

"இப்போ வலி எவ்ளோ?" என்றார்.

"ஏழுதான்யா. கொண்டா."

"பத்துக்கு இன்னும் மூணு கீதே. அது அவசரத்துக்குன்னு குட்த்துகீறாங்கோ மே. தைலம் தேய்ச்சி வுடறேன், திரும்பு."

மஞ்சள் மாத்திரை மட்டும் ராத்திரி தவறாமல் வந்தது. ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. அதன் பலனும் காலையில் தவறாமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போய்த் திரும்புவதற்குள் ஞானம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கட்டிக்கொண்டவனைக் கொலை செய்யலாம் என்ற எண்ணம் அந்தப் பதினாலு நாளில் பலமுறை வந்தது. எழுந்து நிற்கத் தெம்பில்லாததால் விட்டுவைத்தாள்.

பொதட்டூர்பேட்டையில் கட்டிக் கொடுத்த மகள் ஜெனிபர் தினமும் போன் செய்வாள். போனும் சாம்சன் சட்டைப்பையில்தான்.

"நைனா, அம்மாவுக்கு சிஸ்டர் குட்த்த மாத்திர இருக்குதா?"

"இன்னாம்மா இப்பிடிக் கேட்டுட்ட. எல்லாம் பத்திரமா கீது" என்பார் சாம்சன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நாலாவது நாள் ஞானம்மா நேராகவே கேட்டாள். "யோவ், உண்மையச் சொல்லு. ஏன் குடுக்க மாட்டேன்ற?"

சாம்சன் சாவிக்கயிற்றை முறுக்கினார். "எங்க ஃபோர்மேன் அரசப்பன் தெரியுமில்ல? அவருக்கும் இதே மாத்திரதான். வெள்ளிக்கெழம ஆரம்பிச்சாங்கோ. ஞாயித்துக்கெழம சங்கு ஊதிட்டாங்கோ."

எழுந்து கேட்டுக்குப் போய்விட்டார். ஞானம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. இவர் மாத்திரையைப் பூட்டி வைக்கவில்லை. அட்டையைப் பிரிக்காத வரைக்கும் தன் பெண்டாட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று அந்தப் பெட்டிக்குக் காவல் இருக்கிறார். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இந்த மனுஷனின் பாசத்தை நான் இடுப்பில் தாங்க வேண்டியிருக்கிறதே என்று நொந்துகொண்டாள்.

அடுத்த தடவை வேன் வரும் நேரத்துக்கு சாம்சன் பழைய டூட்டி பெல்ட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். சுமலதா வந்து உட்கார்ந்ததும், எவர்சில்வர் தட்டில் மாத்திரை அட்டைகளை அடுக்கிக் கொண்டுவந்து நீட்டினார்.

"எண்பத்து நாலு வந்தது. எண்பத்து நாலும் பத்திரம். எண்ணிக்குங்க மேடம்" என்று சல்யூட் அடித்தார்.

சுமலதா எண்ணினாள். நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் எண்ணினாள். "ஐயா, இதுல ஒண்ணுகூடக் குறையலையே."

"எப்பிடி மேடம் குறையும்? பதினாலு நாளும் நான் ஊட்ட வுட்டு நகரல."

"அம்மாவுக்குக் குடுக்கவே இல்லையா?"

"அவசரத்துக்கு வெச்சிகீறேன் மேடம்."

சுமலதா மெதுவாக ஞானம்மா பக்கம் திரும்பினாள். "நீங்களாவது எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமேம்மா."

"போனும் செக்யூரிட்டி கைலதான் கீது சிஸ்டர்."

"அந்த மஞ்ச மாத்திரை?"

"அது டயத்துக்கு கரெக்டா குட்த்துட்டேன் மேடம்" என்று சாம்சன் முந்திக்கொண்டார். "அதுக்குக் கணக்கு இல்லன்னு நீங்கதான சொன்னீங்கோ."

"பதினாலு நாளா கக்கூசுக்கும் கட்டிலுக்கும் ஷிஃப்டு பாக்கறேன்" என்றாள் ஞானம்மா. "ஓவர்டைம் வேற."

சுமலதா முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாக எதையோ பார்த்தாள். தோள் குலுங்கியது. திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. சிரிப்பாலா வேறெதாலா என்று ஞானம்மாவுக்குத் தெரியவில்லை. பிறகு சாம்சனை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். ஞானம்மா சொல்லி அரசப்பன் கதையும் வெளியே வந்தது. அரசப்பன் செத்தது நோயால், மாத்திரையால் இல்லை. அவருக்கு அதைத் தாமதமாகக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். சொன்ன அளவில் கொடுத்தால் இது ஆளைக் கொண்டுபோகாது, வலியைத்தான் கொண்டுபோகும். இது சாகிறவர்களுக்கான மாத்திரை இல்லை, இருக்கிறவர்களுக்கானது. சாம்சன் ஒவ்வொன்றுக்கும் "எஸ் மேடம்" என்றார். சுமலதா தன் கையாலேயே ஒரு மாத்திரையைப் பிரித்து ஞானம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, "ரெண்டு மணிக்கு அடுத்தது" என்று சொல்லி, வேளையும் அளவும் ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். எளாவூர் பக்கம் இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது.

அரைமணி கழித்து ஞானம்மாவின் இடுப்பில் கெட்டியாகப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. முதலில் அவள் நம்பவில்லை. காலை மெதுவாக நீட்டிப் பார்த்தாள். தலையணையை உருவிப் பார்த்தாள். பிறகு மல்லாந்து படுத்தாள். மூன்று மாதத்துக்குப் பிறகு விட்டத்தைப் பார்த்தாள். அங்கே ஒட்டடை இவ்வளவு சேர்ந்திருக்கிறதே என்று நினைத்தாள். அந்த நினைப்பிலேயே தூங்கிப்போனாள்.

விழித்தபோது அவள் மூக்குக்குக் கீழே ஒரு விரல் இருந்தது. சாம்சனின் விரல்.

"செத்துட்டனான்னு பாக்கறியா?"

"கொசு" என்றார் சாம்சன், விரலை எடுக்காமலே. பக்கத்தில் தரையில் அவர் மதியச் சோறு தொடாமல் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரமாக அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

மணி இரண்டு. ஞானம்மா கையை நீட்டினாள்.

"இப்போ எவ்ளோ?" என்றார் சாம்சன்.

"ரெண்டு."

"ரெண்டுக்கு எதுக்கு மே மாத்திர? அதான் ஒண்ணு போட்டாச்சி, நீயும் நல்லா தூங்கி எழுந்துட்ட. நாம இன்னாத்துக்கு மேல மேல போயிகினு?"

அவ்வளவு பாடமும் எஸ் மேடத்தோடு வேனில் ஏறிப் போய்விட்டது. மூன்றரைக்கு வலி ஐந்தைத் தொட்டது. கத்திப் பார்க்கலாம். அழுது பார்க்கலாம். இரண்டும் இந்த ஆளிடம் செல்லாது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ லாரி டிரைவர்கள் கம்பெனி கேட்டில் கத்தியும் அழுதும் பார்த்தவர்கள்தான். இருபத்தாறு வருஷம் இவர் சோறு தின்றுகொண்டே சொன்ன கம்பெனிக் கதைகளை நினைத்துப் பார்த்தாள். கேட் பாஸ் இல்லையென்று மேனேஜரின் சொந்த டிபன் கேரியரையே நிறுத்திவைத்தவர். அதே மேனேஜரின் மச்சான் புத்தம் புது ஃபேனைத் தூக்கிக்கொண்டு போனபோது, அது கோல்மால் என்று தெரிந்தும், பாஸில் கையெழுத்து இருந்ததால் சல்யூட் அடித்து அனுப்பியவர். பாஸ் சரியாக இருந்தால் பொருளைத் தடுக்க செக்யூரிட்டிக்கு அதிகாரம் கிடையாது. இதை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

"அந்த நோட்ட இங்க குடு. பேனாவும்" என்றாள்.

ஐந்தாவது வரை படித்த கையெழுத்தில் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். பொருள்: மாத்திரை. எண்ணிக்கை: 1. கேட்பவர்: ஞானம்மா. காரணம்: வலி. அனுமதி என்று எழுதி, அதற்கு நேராக, சுமலதா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த மருந்துச் சீட்டைக் குண்டூசியால் குத்தினாள். தாளைக் கிழித்து நீட்டினாள்.

சாம்சன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டாம் தரமும் படித்தார். எங்காவது ஒரு குறை கிடைக்காதா என்று அவர் தேடுவதை ஞானம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நேரம் எழுதல" என்றார் கடைசியில்.

வாங்கி நேரம் எழுதிக் கொடுத்தாள்.

"இன்னொண்ணும் வுட்டுட்ட. திரும்பி வர்ற பொருளா, திரும்பி வராத பொருளா? டிக் அடிக்கணும்."

"வயித்துக்குள்ள போனது எப்பிடியா திரும்பி வரும்?"

"அப்போ திரும்பி வராதுன்னு அடி."

அடித்தாள். சாம்சன் அந்த டிக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிரங்குப் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுத்திலிருந்து சாவியை எடுத்தார். சாவி பூட்டின் வாயைச் சுற்றியே உரசியது, உள்ளே போகவில்லை.

"நீ போயிட்டன்னா" என்றார் பெட்டியைப் பார்த்தபடி, "நான் எந்த கேட்ல போயி நிக்கறது ஞானம்?"

ஞானம்மா கட்டிலிலிருந்து இறங்கினாள். இறங்க வலித்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "நான் போவத்தான் போறேன்யா. இந்த மாத்திர போட்டாலும் போவேன், போடலன்னாலும் போவேன். அது இன்னைக்கு இல்ல. ஆனா வலிச்சிகினே போனா, அது உன் டூட்டில நடந்ததா இருக்கும். அதுக்கு நீதான் பதில் சொல்லணும்."

சாம்சன் முழங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அவள் கையைக் கொடுத்தாள். இருவர் கையுமாகச் சேர்ந்து பூட்டைத் திறந்தார்கள். ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டிவிட்டு, பாஸின் கீழே 'செக் செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு தினமும் ஐந்து வேளைக்கும் பாஸ் எழுதுவதென்று ஆயிற்று. மூன்றாம் நாள் ஞானம்மாவுக்குக் கை கடுத்தது. சாம்சனே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, எல்லாம் எழுதி, அவளிடம் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார். ஆறு மணி மாத்திரைக்கு ஐந்து ஐம்பத்தைந்துக்கே தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார். அடுத்த தடவை வேன் வந்தபோது சுமலதாவிடம் தட்டில் காலி அட்டைகளை நீட்டி, "எண்பத்து நாலு போனது. மீதி பூஜ்யம். எல்லாத்துக்கும் பாஸ் கீது மேடம்" என்றார். ஜெனிபர் போனில் கேட்டபோது, போனை மனைவியிடமே கொடுத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில், வெயில் தாழ்ந்ததும், ஞானம்மா தலை வாரி, புடவை மாற்றி, கைத்தடியை எடுத்துக்கொண்டாள். இடுப்பில் வலி இருக்கத்தான் செய்தது, இரண்டுக்கு மேல் ஏறவில்லை. இன்னொரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். வீட்டில் இதுபோல் ஒன்பது சேர்ந்துவிட்டன, குடிக்கத்தான் ஆளில்லை. கேட்டில் சாம்சன் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

"பேரு?"

"ஞானம்மா."

"போற எடம்?"

"பூவம்மா ஊடு."

"காரணம்?"

"பதினஞ்சு நிமிசம் அவ ஊட்ல உக்காந்து பேஜாரு பண்ண."

ஹார்லிக்ஸ் ஒன்று வெளியே போவதையும் எழுதிக்கொண்டார். திரும்பி வருமா, வராதா என்ற கட்டத்துக்கு வந்தபோது அவளைக் கேட்கவில்லை. 'திரும்பி வரும்' என்பதில் தானே டிக் அடித்தார். அழுத்தின அழுத்தலில் பேனா அடுத்த தாளிலும் பதிந்தது.

ஞானம்மா அதைப் பார்த்தாள். "இந்தாயா. ஒரு நாளு நான் பாஸ் இல்லாம கெளம்புவேன். அன்னிக்கு நீ கேட்ல குறுக்க நிக்கக் கூடாது."

சாம்சன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார். தெருவைப் பார்த்தார். "அன்னிக்கு எனக்கு லீவு. எனக்கு பதிலா ரிலீவர் வருவான்."

"இருவத்தாறு வருசத்துல நீ ஒரு நாளு லீவு போட்டதில்லையே."

அவர் கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டார். "அஞ்சே முக்காலுக்கெல்லாம் வந்துடு" என்றார். "ஆறு மணிக்கு மாத்திர கீது."

ஞானம்மா தடியை ஊன்றி மெல்ல நடந்தாள். தெருமுனை வரைக்கும், பின்னால் கேட் சாத்தும் சத்தம் கேட்கவில்லை.